ஆணமும் குழம்பும்

என் வாப்பா கொட்டாஞ்சேனைக்காரர். 1950களில் மருதானை ஸாஹிறாக் கல்லூரியில் படித்தவர். "பேசப் பழகினது உம்மாக்கிட்ட, எழுதப் பழகினது யாழ்ப்பாணத்துப் பொடியன்மாரோட" என்பார். அவருடைய கட்டுரைக் கொப்பியொன்று இன்னும் என்னிடம் உண்டு. பெருநாள் சாப்பாட்டைப் பற்றி எழுதிய பக்கத்தில் 'ஆணம்' என்ற சொல்லைப் பக்கத்து வாங்கு நண்பர் பென்சிலால் வெட்டி, மேலே 'குழம்பு' என்று எழுதியிருக்கிறார். பதிலுக்கு அந்த நண்பர் 'பேந்து' என்று வாய் திறக்கும்போதெல்லாம் கொழும்புப் பிள்ளைகள் சிரிப்பார்களாம். ஒரே மொழிதான், ஆனாலும் இரு சாராரும் ஒருவரிடம் ஒருவர் கற்க வேண்டியிருந்தது.

1892இல் தோன்றிய அக்கல்லூரிக்கு 1948 முதல் 1961 வரை அதிபராக இருந்தவர் ஏ.எம்.ஏ. அஸீஸ். 1911இல் வண்ணார்பண்ணையில் பிறந்து, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் சைவப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் இருந்து தமிழ் படித்தவர் அவர். அப்படிப்பட்டவர் தம் கல்லூரியை மற்றவர்களுக்கும் திறந்துவைத்ததில் வியப்பில்லை. கரவெட்டியைச் சேர்ந்த கார்த்திகேசு சிவத்தம்பி அங்கே மாணவராகவும் பின்னர் ஆசிரியராகவும் இருந்தார். முஸ்லிம்களின் தாய்மொழி எது என்று நம்மவர்கள் வாதாடியபோது அஸீஸ் தமிழின் பக்கம் நின்றார். 1956இல், தாம் சார்ந்த ஐக்கிய தேசியக் கட்சி 'சிங்களம் மட்டும்' என்றதும் அதைவிட்டு விலகினார்.

ஆனால் கொழும்பில் முஸ்லிம் பெற்றோர் பலர் பிள்ளைகளின் போதனாமொழியாகச் சிங்களத்தைத் தெரிந்தெடுத்தார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. உத்தியோகம் அங்கேதான் இருந்தது.

2007 ஜூலைக்குப் பின் அரச சேவையில் சேர்ந்தவர்கள் மற்ற அரசகரும மொழியையும் கற்க வேண்டும் என்றானது. அதன்பின் வெள்ளவத்தையில் ஒரு மாலை வகுப்பில் நான் சிங்களம் படித்தேன். அங்கே தமிழ் படிக்க வந்த சிங்கள உத்தியோகத்தர்களை எங்களோடு இருவர் இருவராக இருத்தினார்கள். என் சோடியாக வந்த பெண்மணி செந்தமிழில் நலம் விசாரித்தார். நான் கொட்டாஞ்சேனைத் தமிழில் பதில் சொன்னேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அன்றிரவு வாப்பாவின் பொடியன்மார் நினைவுக்கு வந்தார்கள்.

என் தம்பி மகன் சிங்கள மொழியில் படிப்பவன். வீட்டில் தமிழ் பேசுவான்; வாசிக்கத் தெரியாது. போன நோன்புப் பெருநாளில் அந்தக் கொப்பியை எடுத்து அவனுக்கு வாசித்துக் காட்டினேன். பென்சிலால் வெட்டியிருந்த இடத்தில் விரலை வைத்து, "இதில முதல்ல என்ன எழுதியிருக்கு, பெரியவாப்பா?" என்றான்.

"ஆணம்."

"அதுதானே சரி, ஏன் வெட்டினாங்க?"