சொல்லிழந்தவரின் இருக்கை

குலசேகரம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. தென் தாலுகாக்களைத் தமிழகத்தோடு இணைக்கக் கோரிய போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. ஒரு சமூகம் தன் மொழியை இழக்க அஞ்சிப் போராடிய கதை இது, எழுதப்பட்டிருக்கிறது. தனிமனிதர் ஒருவர் ஒரே இரவில் மொழியை இழப்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. அதை மருத்துவர்களிடமே விட்டுவிட்டோம்.

பக்கவாதம் மூளையின் இடப்பாதியைத் தாக்கும்போது பலருக்குச் சொல் நழுவிவிடுகிறது. அஃபேசியா என்பது அதன் பெயர். நாக்கு அசையும், குரல் எழும், அறிவும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். வேண்டிய சொல் மட்டும் வராது. சிலருக்குப் பிறர் பேச்சே அந்நிய மொழிபோல் ஒலிக்கும். இதைப் பித்து என்றோ மந்தம் என்றோ ஊர் எடுத்துக்கொள்வதில்தான் இரண்டாவது நோய் தொடங்குகிறது.

மருத்துவ வரலாறு 1861-இல் பால் புரோக்கா கண்ட லெபோர்ன் என்ற நோயாளியிலிருந்து தொடங்கும். அவருடையது திடீர்ப் பக்கவாதம் அல்ல, ஆனால் இழப்பு இதுவே. பாரிசை அடுத்த பிசேத்ர் மருத்துவமனையில் அவருக்கு மிஞ்சியிருந்தது 'தான்' என்ற ஓரசையும், கோபம் வந்தால் ஒரு வசவும். எல்லோரும் அவரை அந்த அசையாலேயே அழைத்தார்கள். எத்தனை ஆண்டுகளாக இங்கே இருக்கிறாய் என்று கேட்டபோது, ஐந்து விரல்களையும் நான்கு முறை விரித்துக் காட்டி, பிறகு ஒரு விரலை நீட்டினார்: 21. கணக்கு சரி. உடனிருந்தவர்களோ அவரைச் சிடுமூஞ்சி, பழிவாங்குபவர் என்று வெறுத்தார்கள். 21 ஆண்டுகள் ஒருவரும் பொறுத்து நின்று கேட்காத மனிதர் வேறெப்படி இருந்திருப்பார்? அவர் மூளையைப் பாரிசில் இன்றுவரை பாதுகாக்கிறார்கள். லூயி விக்தோர் என்ற அவருடைய முழுப்பெயர் வெளிவந்தது 2013-இல்.

நம் பக்கத்தில் இதற்கு நேரெதிரான காட்சி ஒன்று உண்டு. 1967-இல் கழுத்தில் பாய்ந்த குண்டால் குரல் மாறிப்போயிருந்த எம்.ஜி.ஆரை, 1984 அக்டோபரில் சிறுநீரகச் செயலிழப்போடு பக்கவாதமும் தாக்கியது. முன்னது தொண்டையின் காயம், பின்னது மூளையின் காயம். அவர் புரூக்ளின் மருத்துவமனையில் இருக்கும்போதே டிசம்பரில் தேர்தல் வந்தது. அங்கே எடுத்த படச்சுருள் தமிழகமெங்கும் திரையிடப்பட்டது. வசனத்தால் வளர்ந்த திராவிட இயக்கத்தின் மேடையில் அன்று மக்கள் தேடியது வசனத்தை அல்ல, முகத்தை. ஆண்டிபட்டியில் வென்றார், 1985 பிப்ரவரியில் திரும்பி மீண்டும் முதல்வரானார், 1987 டிசம்பர் 24-இல் இறக்கும்வரை அந்த நாற்காலியில் இருந்தார். பேச்சு தெளிவாக மீளவில்லை. உடனிருந்தவர்கள் புரிந்துகொண்டு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அப்படிச் சொல்பவர் கைக்கு எவ்வளவு அதிகாரம் போய்ச் சேரும் என்பது தனியாக எழுத வேண்டிய விஷயம். ஆட்சி எப்படி நடந்தது என்பதில் எனக்கும் விமர்சனங்கள் உண்டு. ஆனால் பேச்சுக் குலைந்த ஒருவருக்காக ஒரு மாநிலமே காத்திருந்து காது கொடுத்ததற்கு வேறு உதாரணம் எனக்கு எளிதில் நினைவுக்கு வரவில்லை. நாவன்மைக்குப் பேர்போன வாஜ்பாயி 2009-இல் பக்கவாதத்தால் பேச்சு பாதிக்கப்பட்டபின், 2018-இல் இறக்கும்வரை பொதுவெளியிலிருந்து மறைந்தே இருந்தார். 2015-இல் பாரத ரத்னா விருதையும் வீடு தேடிச் சென்றே கொடுத்தார்கள்.

முதல்வர் அல்லாதவருக்கு யார் காத்திருப்பது? இங்கிலாந்தில் இதற்கு விடை அக்கம்பக்கத்திலிருந்து கிடைத்தது. நடிகை பட்ரீசியா நீல் 1965-இல் பக்கவாதத்தால் சொல்லிழந்தபோது, கணவர் ரோல்ட் டால் ஊர்க்காரர்களை முறைபோட்டு வரவழைத்தார். வேலரி ஈட்டன் கிரிஃபித் என்ற தோழி, மருத்துவப் பயிற்சி ஏதுமின்றி, தினமும் வந்து சொல் விளையாட்டும் பேச்சுமாக அவரை மீட்டெடுத்தார். 1968-இல் நீல் மறுபடி திரையில் தோன்றினார். கிரிஃபித்தின் முறை பிறகு தன்னார்வலர் திட்டமாகப் பரவியது. கனடாவில் 1979-இல் பாட் அராட்டோ தொடங்கிய மையமும், பேச்சிழந்த தம் கணவருக்கு எங்கும் போக்கிடம் இல்லாததால் பிறந்ததே. அங்கு வளர்ந்த முறையில் பயிற்சி நோயாளிக்கு மட்டுமல்ல, எதிரே உட்காருபவருக்கும் உண்டு: ஒரு நேரத்தில் ஒரு கேள்வி, காகிதத்தில் முக்கியச் சொல், ஆம்-இல்லை என்று சுட்ட இடம், பிறகு பொறுமை.

இந்தியாவில் மைசூரின் பேச்சு-கேட்டல் நிறுவனம் 1965-இல் வந்தது. குலசேகரத்தில் இப்போது மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. உயிர் பிழைத்து வீடு திரும்புகிறார்கள். அதன்பின்தான் சிக்கல். கல்யாண வீட்டிலும் தேநீர்க்கடையிலும் முன்னால் நின்று பேசியவரை, 'பாவம், பேச முடியாது' என்று உள்ளறையில் வைத்துவிடுகிறார்கள். அவரைப் பற்றி அவர் எதிரிலேயே பேசுகிறார்கள். அன்பினால்தான்.

இந்த வட்டாரத்துக்கே உரிய நுணுக்கம் ஒன்றும் உண்டு. இருமொழியாளருக்கு இரண்டு மொழியும் ஒரே அளவில் மீள வேண்டியதில்லை. சிறுவயதில் கற்றதே நிற்கும் என்றார் ரிபோ. மிகவும் பழகியதே முதலில் திரும்பும் என்றார் 1895-இல் பித்ர். இரண்டுக்கும் விதிவிலக்குகள் ஏராளம். 1956-க்கு முன் மலையாளப் பள்ளியில் படித்து வீட்டில் தமிழ் பேசிய முதியவர்கள் இன்னும் இங்கே இருக்கிறார்கள். அத்தகைய ஒருவருக்குத் தமிழ் அடைபட்டு மலையாளச் சொல் ஒன்று வெளிவந்தால், தமிழ் மட்டுமே அறிந்த பேரப்பிள்ளைக்கு அது வெறும் உளறலாகக் கேட்கும். கூடப் படித்த பழைய சிநேகிதர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் உடனே பதில் சொல்லியிருப்பார். அவரைத்தான், நோயாளிக்குத் தொந்தரவு வேண்டாமென்று, வாசலிலேயே விசாரித்து அனுப்பிவிடுகிறோம்.