சுண்டெலி காட்டிய அடையாளம்



நம் உடம்பில் நோய்க்கிருமி புகுந்தால், அதனை எதிர்க்க வெள்ளணுக்கள் படையெனத் திரண்டெழுகின்றன என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆனால் வைரஸ் கிருமியின் போர்முறை தனி வகையானது. அது வெளியே நின்று போரிடுவதில்லை. நம்முடைய உயிரணுவுக்குள்ளேயே புகுந்து, அங்குள்ள பொருள்களைக் கொண்டே தன் இனத்தைப் பெருக்குகிறது. வெளியிலிருந்து நோக்கினால் அந்த உயிரணு நம்முடையதுதான். அப்படியானால், இந்த வீட்டில் திருடன் ஒளிந்திருக்கிறான், அடுத்த வீட்டில் இல்லை என்று காவல்காரன் எவ்வாறு தெரிந்துகொள்கிறான்? இந்த வினாவுக்கு விடை கண்ட ஒரு விஞ்ஞானியின் ஆராய்ச்சி வாழ்க்கையை இன்று காண்போம்.

அவர் பெயர் பீட்டர் டோஹர்ட்டி. 1940ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் பிறந்தவர். மனித உடலைப் பற்றி இவ்வளவு பெரிய உண்மையைக் கண்டவர் ஒரு மருத்துவராகத்தான் இருப்பார் என்று நாம் எண்ணுவோம். அவரோ கால்நடை மருத்துவர்! குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவம் பயின்று 1962இல் பட்டம் பெற்றார். மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் வரும் நோய்களை ஒழித்தால் உலகின் உணவுப் பஞ்சம் குறையும் என்பது அந்த இளைஞரின் எண்ணம். பின்னர் ஸ்காட்லாந்து சென்று, ஆடுகளின் மூளையைத் தாக்கும் ஒரு வைரஸை ஆராய்ந்து, 1970இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டம் பெற்றார். 1972ஆம் ஆண்டில் தாயகம் திரும்பி, கான்பரா நகரிலுள்ள ஜான் கர்ட்டின் மருத்துவ ஆராய்ச்சிப் பள்ளியில் சேர்ந்தார்.

அடுத்த ஆண்டு அங்கே வந்து சேர்ந்தார் ரோல்ஃப் சிங்கர்நாகல் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர். ஒருவருக்கு வயது முப்பதைச் சற்றே தாண்டியிருந்தது. மற்றவருக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஒருவர் கால்நடைக்கு மருத்துவம் கற்றவர். மற்றவர் மனிதருக்கு மருத்துவம் கற்றவர். இருவரும் கூடி ஆராய எடுத்துக்கொண்டது சுண்டெலிகளுக்கு மூளைச்சவ்வு அழற்சியை உண்டாக்கும் எல்.சி.எம். என்ற வைரஸ்.

இந்த வைரஸ் ஒரு விந்தையான கிருமி. வளர்ந்த சுண்டெலியின் மூளையில் இதனைச் செலுத்தினால், ஏறத்தாழ ஒரு வாரத்தில் அது இறந்துவிடும். ஆனால் தாயின் வயிற்றிலிருக்கும்போதே தொற்றிக்கொண்டால், அந்தக் குட்டி வாழ்நாள் முழுவதும் வைரஸைச் சுமந்துகொண்டு ஓடியாடித் திரியும். எரிக் டிரவ்ப் என்ற அறிஞர் 1930களிலேயே இதனைக் கண்டிருந்தார். பின்வந்த ஆய்வுகள் மற்றோர் உண்மையையும் காட்டின. வளர்ந்த எலியின் எதிர்ப்பாற்றலைக் கதிர்வீச்சினால் ஒடுக்கிவிட்டால், அதுவும் பிழைத்துக்கொள்கிறது! அப்படியென்றால் எலியைக் கொல்வது வைரஸ் அன்று. அதனைக் காக்கப் புறப்பட்ட படையே அதற்கு எமனாகிறது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான் இது.

அந்தப் படையில் முதன்மையானவை டி உயிரணுக்கள் எனப்படும் ஒருவகை வெள்ளணுக்கள். தைமஸ் சுரப்பியில் பக்குவம் பெறுவதால் அவற்றுக்கு அப்பெயர். வைரஸ் புகுந்த உயிரணுவைத் தேடிப்பிடித்து அழிப்பது அவற்றின் வேலை. டோஹர்ட்டியும் சிங்கர்நாகலும் நோயுற்ற எலிகளின் மூளையைச் சூழ்ந்துள்ள நீரிலிருந்தே இக்கொலையணுக்களைப் பிரித்தெடுத்துக் காட்டினர்.

அவற்றின் வலிமையை அளக்க ஒரு முறை இருந்தது. வைரஸ் ஏற்றப்பட்ட உயிரணுக்களுக்குக் கதிரியக்கக் குரோமியத்தை முதலில் ஊட்டிவிடுவார்கள். பிறகு கொலையணுக்களை அவற்றோடு கலப்பார்கள். உயிரணு உடைந்தால் உள்ளிருக்கும் குரோமியம் வெளியே கசியும். கசிந்த அளவைக் கணக்கிட்டால் எத்தனை உயிரணுக்கள் மாண்டன என்பது விளங்கிவிடும்.

எலிகளில் பல குலங்கள் உண்டு. சில குலங்களை இந்நோய் கடுமையாகத் தாக்குகிறது, சிலவற்றை அவ்வளவாகத் தாக்குவதில்லை என்று அப்போது வேறோர் ஆய்வு தெரிவித்திருந்தது. கடுமையாக நோயுறும் குலத்தில் கொலையணுக்கள் வலிமை மிக்கவையாக இருக்குமோ என்று சோதிக்க இருவரும் முனைந்தனர். பல குலத்து எலிகளுக்கு வைரஸைச் செலுத்தி, அவற்றின் கொலையணுக்களை ஒரே வகையான உயிரணுக்களின்மேல் ஏவினர்.

விளைவு அவர்களையே திகைக்க வைத்தது. சில குலத்து அணுக்கள் முழு மூச்சுடன் கொன்றன. மற்றக் குலத்து அணுக்களோ சற்றும் கொல்லவில்லை! எதிரே இருந்தது அதே வைரஸ். அந்த எலிகளும் நோயுற்றவையே. பிறகு ஏன் அவற்றின் அணுக்கள் வாளாவிருந்தன? குலம் மாற்றிச் சோதித்தபோது விடை புலப்பட்டது. முன்பு சும்மா இருந்த அணுக்கள், தம் குலத்து உயிரணுவில் வைரஸ் இருக்கக் கண்டதும் பாய்ந்து கொன்றன. ஒரு குலத்துக் கொலையணு தன் குலத்து உயிரணுவில் மட்டுமே வைரஸைக் கண்டுகொள்கிறது என்பது உறுதியாயிற்று.

இங்கே 'குலம்' என்பது எதனைக் குறிக்கிறது? பீட்டர் கோரர் என்ற ஆங்கில அறிஞர் 1930களில் எலிகளின் உயிரணுக்களின்மேல் ஒருவகை அடையாளப் புரதங்களைக் கண்டிருந்தார். அவற்றுக்கு எச்-2 என்று பெயர். மனிதரிடத்தில் அவை எச்.எல்.ஏ. எனப்படும். ஒருவரின் தோலையோ சிறுநீரகத்தையோ மற்றொருவருக்குப் பொருத்தினால் உடம்பு அதனை ஏற்க மறுக்கிறதே, அதற்குக் காரணம் இப்புரதங்கள்தாம். ஆனால் இது அறிஞர்களுக்கு ஒரு புதிராகவே இருந்து வந்தது. உறுப்பு மாற்றுச் சிகிச்சை 20ஆம் நூற்றாண்டில் மனிதன் கண்டுபிடித்தது. அதனைத் தடுப்பதற்கென்று இயற்கை கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே புரதங்களைப் படைத்து வைத்திருக்குமா என்ன?

அந்தப் புதிருக்கும் கான்பரா எலிகளே விடை தந்தன. நம் ஒவ்வொருவரிடமும் அடையாள அட்டை இருப்பதுபோல, ஒவ்வோர் உயிரணுவும் தன் அடையாளப் புரதத்தை வெளியே காட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே வைரஸ் புகுந்தால் அந்த அட்டையில் மாறுதல் ஏற்படுகிறது. காவல்காரன் திருடனைத் தனியே பார்ப்பதில்லை. தன் நாட்டு அடையாள அட்டையைப் படித்து, அதில் புதிதாகத் தெரியும் அந்நியச் சுவடியைக் கண்டே இனங்காணுகிறான். வேற்று நாட்டு அட்டையை நீட்டினால் அவனுக்குப் படிக்கத் தெரியாது. 'தன்னுடையது, ஆயினும் மாறிப்போனது' என்பதே டி உயிரணு தேடும் அறிகுறி.

1974ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் இம்முடிவுகள் வெளிவந்தன. அட்டை எவ்வாறு மாறுகிறது என்பது பின்னர் விளங்கியது. 1986இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த அலென் டவுன்செண்டும் உடனிருந்தோரும், வைரஸ் புரதத்தின் சிறு துண்டே டி உயிரணுவுக்குப் போதும் என்று காட்டினர். 1987இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் பமேலா பியோர்க்மனும் குழுவினரும் எக்ஸ்ரே கதிர்களைக் கொண்டு மனித அடையாளப் புரதத்தின் வடிவத்தைக் கண்டபோது, அத்தகைய துண்டைத் தாங்கி நிற்க ஏற்ற ஒரு பள்ளம் அதன் உச்சியில் இருந்தது. 1996ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு டோஹர்ட்டிக்கும் சிங்கர்நாகலுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. எலி ஆய்வு முடிந்து 20 ஆண்டுகளுக்குமேல் கழிந்திருந்தது.

இதனால் நமக்கு என்ன பயன் என்று நேயர்கள் கேட்கலாம். நம் வட்டாரத்தில் பலரைப் பாதித்துள்ள ஹெப்பட்டைட்டிஸ் 'பி' நோயை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கல்லீரலைச் சிதைப்பது பெரும்பாலும் வைரஸ் அன்று. வைரஸ் புகுந்த அணுக்களை அழிக்கும் டி உயிரணுக்களே. பிறக்கும்போதே தொற்றிய குழந்தை பல ஆண்டுகள் அறிகுறியின்றி வளர்வதும், அந்த எலிக்குட்டியின் கதையை ஒத்ததே. எதிர்ப்பாற்றல் கூடினால் நல்லது, குறைந்தால் கெட்டது என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. அது அளவறிந்து, இடமறிந்து செயற்பட வேண்டிய ஆயுதம்.

1988இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரிலுள்ள செயின்ட் ஜூட் குழந்தைகள் ஆராய்ச்சி மருத்துவமனைக்குச் சென்ற டோஹர்ட்டி, அங்கே வேறொரு வினாவைத் தொடர்ந்தார். குணமான பின்னும் டி உயிரணுக்கள் வைரஸை எவ்வாறு, எத்தனை காலம் நினைவில் வைத்திருக்கின்றன என்பதே அது. அதே வினாவுக்கு நம் வட்டாரத்திலும் ஒரு விடை கிடைத்தது. 2003ஆம் ஆண்டில் சார்ஸ் நோய் சிங்கப்பூரில் 33 உயிர்களைப் பறித்தது. 2020இல் சிங்கப்பூரின் டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளி ஆய்வாளர்கள், அந்நோயிலிருந்து மீண்ட 23 பேரின் இரத்தத்தைச் சோதித்தனர். 17 ஆண்டுகள் கழிந்தும் சார்ஸை மறவாத டி உயிரணுக்கள் அவர்கள் உடலில் இருந்தன. அவை கோவிட் வைரஸின் உட்புரதத்தையும் இனங்கண்டன!

கான்பராவில் அவ்விருவரும் தேடியது எந்த எலி வலிமையானது என்பதை. கிடைத்ததோ எல்லா உடல்களுக்கும் பொதுவான ஒரு நெறி. எதிர்பாராத முடிவு வந்தபோது, ஆய்வில் பிழை என்று அதனை ஒதுக்கிவிடாமல், ஏன் என்று கேட்டார்கள். அடுத்த முறை காய்ச்சல் கண்டு படுத்திருக்கும்போது எண்ணிப் பாருங்கள், நேயர்களே. உங்கள் உடம்பினுள் ஒரு காவல்காரன், வீடு வீடாகச் சென்று அடையாள அட்டைகளைப் படித்துக்கொண்டிருக்கிறான்.