தனிப்பறத்தலும் பயிற்றுநர் பற்றாக்குறையும்: இந்திய விமானி உரிம விதிகள் குறித்து

இந்தியாவில் விமானி உரிமத்துக்கான நிபந்தனைகளை 1937ஆம் ஆண்டின் வானூர்தி விதிகள் வகுத்தன. உரிமம் வழங்குவது டி.ஜி.சி.ஏ. எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம். 1934ஆம் ஆண்டின் தாய்ச்சட்டம் நீங்கி, 2025 ஜனவரி 1 அன்று பாரதிய வாயுயான் அதிநியம் நடைமுறைக்கு வந்தது.

வணிக விமானி உரிமத்துக்குக் குறைந்தபட்ச வயது 18. 1990களிலிருந்து பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் கட்டாயமாக இருந்துவந்தன. திருவண்ணாமலையை அடுத்த அடி அண்ணாமலையில் வணிகவியல் படித்த ஒருவர் அவ்விரு பாடங்களையும் திறந்தநிலைப் பள்ளி வழியாகத் தனியே எழுதித் தேற வேண்டியிருந்தது. எழுத்துத் தேர்வும் முதல்நிலை மருத்துவத் தகுதியும் போக, 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி தலைமை விமானியாக. 300 கடல்மைல் தூரம் ஒரே பயணமாகப் பறந்து, வழியில் இரு வேறு நிலையங்களில் இறங்கவும் வேண்டும். மீனம்பாக்கத்திலிருந்து திருவண்ணாமலைக்கு நேர்கோட்டில் போய்த் திரும்பினாலும் அதில் பாதியைச் சற்றே தாண்டும்.

கற்பிப்பவருக்கு இரண்டு படிகள் உண்டு. உதவிப் பயிற்றுநர் மேற்பார்வையின்கீழ் கற்பிக்கலாம். மாணவரை முதன்முறை தனியே பறக்க அனுமதிக்க முடியாது. அது முழுப் பயிற்றுநரின் உரிமை. காரணம் வெளிப்படையானது. வலப்பக்க இருக்கையிலிருந்து பயிற்றுநர் இறங்கியதும் சிறு விமானத்தின் எடை கணிசமாகக் குறைகிறது. அது பழகிய வேகத்தைவிட விரைந்து ஏறுகிறது, இறங்கும்போது ஓடுபாதைக்கு மேல் கூடுதலாக மிதக்கிறது. அந்த வேறுபாட்டை மாணவர் தாங்குவாரா என்பதை எந்த மணிக்கணக்கும் சொல்லாது, பார்த்துப் பழகிய கண்தான் சொல்லும். ஆகவே இந்தக் கட்டுப்பாட்டில் குறை காண இடமில்லை.

பயிற்றுநர் பற்றாக்குறைக்கு இக்கண்டிப்பைக் காரணம் காட்டுவோர் உண்டு. உண்மைக் காரணம் விமானி உரிமப் பக்கத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் 2009இல் பஃபலோ அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தனர். அதன் விளைவாக, 2013 முதல் பயணிகள் விமானத்தில் துணை விமானியாக அமரவும் பொதுவாக 1,500 மணி தேவை. புதிதாக உரிமம் பெற்றவர்கள் அந்த மணிகளைச் சேர்க்கவே பயிற்றுநராகிறார்கள். இந்தியாவிலோ 200 மணியுடன், குறிப்பிட்ட விமான வகைக்கான பயிற்சியும் முடித்தவர் துணை விமானியாகச் சேரலாம். 1,500 மணி கேப்டன் ஆவதற்கான உரிமத்துக்கே வேண்டும். விமான நிறுவனம் அழைக்கும்போது பயிற்சிப் பள்ளியில் தங்க யாருக்கும் காரணமில்லை.

இதனால் இங்கும் 1,500 மணி வேண்டும் என்று ஆகிவிடாது. கடன் வாங்கிப் படித்தவருக்கு அது தாங்காது. தனியே வட்டமடித்துச் சேர்த்த மணிகள் திறமைக்குச் சான்றுமல்ல. 2021இல் டி.ஜி.சி.ஏ. செய்த திருத்தம், தலைமைப் பயிற்றுநரும் துணைத் தலைமைப் பயிற்றுநரும் மட்டுமே வைத்திருந்த பறத்தல் அனுமதி அதிகாரத்தைப் பிற பயிற்றுநர்களுக்கும் விரித்தது. இருப்பவர்களைக் கொண்டு கூடுதலாகப் பறக்க அது வழிசெய்தது, ஆட்களைப் பெருக்கவில்லை. ஆட்கள் பெருக வேண்டுமானால், கற்பித்த மணிகளுக்குத் துணை விமானித் தேர்விலும் கேப்டன் உயர்விலும் விதியே தனி மதிப்பளிக்க வேண்டும்.