பை நாளும் பழப் பையும்

வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் கிடைக்கும் மாறிலி பை. அதன் மதிப்பு ஏறத்தாழ 3.14159. அதைக் குறிக்கும் கிரேக்க எழுத்தை 1706-இல் வேல்ஸ் கணித அறிஞர் வில்லியம் ஜோன்ஸ் கையாண்டார். பின்னர் கணித அறிஞர் ஆய்லரின் நூல்கள் அதை நிலைபெறச் செய்தன.

அமெரிக்க வழக்கில் தேதி எழுதும்போது மாதம் முதலில் வருவதால், மார்ச் 14 அங்கே 3/14 ஆகிறது. சான் பிரான்சிஸ்கோவின் எக்ஸ்புளோரட்டோரியம் அறிவியல் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய இயற்பியலாளர் லாரி ஷா, 1988-இல் இந்நாளைக் கொண்டாடத் தொடங்கினார். பழப் பை (pie) என்ற பண்டமும் தேநீரும் பரிமாறப்பட்டன. அடுத்த இலக்கங்களை நினைவூட்டும் பிற்பகல் 1.59 மணிக்கு ஊர்வலம் புறப்படுவது பின்னர் மரபாயிற்று.

ஆங்கில உச்சரிப்பிலும் வட்ட வடிவிலும் பொருந்திய பழப் பை, வீடுகளிலும் பள்ளிகளிலும் இந்நாளின் பண்டமானது. மைதாவில் குளிர்ந்த வெண்ணெயைப் பிசிறி, சில்லென்ற தண்ணீர் தெளித்துத் திரட்டுவார்கள். வெண்ணெய் உருகாமல் சிறு துண்டுகளாக இருந்தால்தான், அடுப்புச் சூட்டில் அதிலுள்ள நீர் ஆவியாகி மேலோடு ஏடு ஏடாகப் பிரியும். உள்ளே நறுக்கிய ஆப்பிள், சர்க்கரை, பட்டைத்தூள். 9 அங்குல விட்டமுள்ள தட்டைச் சுற்றி நூல் பிடித்தால் 28 அங்குலத்துக்குச் சற்றே கூடுதலாக வரும். அதை 9-ஆல் வகுக்கும் குழந்தை மாறிலியைத் தன் கையாலேயே கண்டுகொள்கிறது. மனப்பாடத்தால் வராத தெளிவு இது.

2009-இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை இந்நாளை ஆதரித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2019-இல் யுனெஸ்கோ மார்ச் 14-ஐ சர்வதேசக் கணித நாளாக அறிவித்தது.