வானம் பொதுவெனில் அறிவிப்பும் பொதுவாதல் வேண்டும்

வெள்ளிக்கிழமைகளில் வெளிவரும் அரசாங்க வர்த்தமானியைத் தேடிப் படிக்கும் வழக்கம் எமது படித்த குடும்பங்களில் நீண்டகாலமாக இருந்து வந்துள்ளது. வெற்றிடங்கள் எவை, வேண்டப்படும் தகைமைகள் எவை, விண்ணப்ப முடிவுத் திகதி எது என்பனவற்றை அதிலே கண்டறிந்து உத்தியோகம் பெற்றவர்கள் பலர். தகைமை இருந்தும் அறிவிப்பைக் காணத் தவறியமையால் வாய்ப்பை இழந்தவர்களும் பலர். வானியல் ஆய்வுலகத்திற்கும் இத்தகையதொரு வர்த்தமானி உண்டு. அது ஒரே ஏடாக அச்சாவதில்லை. ஆயினும் அந்தத் துறையில் எவர் எதனைப் பெறுகின்றார், எவர் எதனைத் தவறவிடுகின்றார் என்பதை அதுவே பெரிதும் தீர்மானிக்கின்றது. வானியலில் நாட்டமுள்ள எமது மாணவர்கள் பலருக்கு இது பற்றி எடுத்துச் சொல்வாரில்லை என்பதாலேயே இதனை இங்கு விரிவாக எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

இந்த அறிவிப்புகளை நான்கு வகைப்படுத்தலாம். தொலைநோக்கிகளைப் பயன்படுத்துவதற்கான நேரத்திற்கு விண்ணப்பம் கோருவன முதலாவது வகை. புதிய கண்டுபிடிப்புகளை உடனுக்குடன் தெரிவிப்பன இரண்டாவது. திரட்டப்பட்ட தரவுகளைப் பொதுவில் வெளியிடுவன மூன்றாவது. பதவிகளையும் புலமைப்பரிசில்களையும் பயிற்சிகளையும் அறிவிப்பன நான்காவது. இவை ஒவ்வொன்றிலும் திகதி உண்டு, விதி உண்டு, எவர் விண்ணப்பிக்கலாம் என்ற வரையறையும் உண்டு.

பெருந்தொலைநோக்கிகள் உலகில் சிலவே உள்ளன. அவற்றை நாடுவோரோ ஆயிரக்கணக்கானோர். எனவே அவற்றின் நேரம் மணித்தியாலக் கணக்கில் பங்கிடப்படுகின்றது. 1990 ஏப்ரலில் விண்ணில் செலுத்தப்பட்ட ஹபிள் தொலைநோக்கிக்கும், 2021 டிசம்பர் 25 இல் செலுத்தப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கிக்கும் அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள விண்வெளித் தொலைநோக்கி அறிவியல் நிறுவனமே விண்ணப்பங்களைக் கோருகின்றது. எந்நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். ஜேம்ஸ் வெப்பின் முதலாவது சுற்றுக்கு 44 நாடுகளிலிருந்து 1,173 விண்ணப்பங்கள் வந்தன. 2024 ஒக்டோபரில் முடிவுற்ற நான்காவது சுற்றுக்கு 2,377 விண்ணப்பங்கள் கிடைத்தன. அவற்றிலே கேட்கப்பட்டிருந்த நேரம் ஏறத்தாழ 78,000 மணித்தியாலங்கள். ஓராண்டிற்கு உள்ளதோ 8,760 மணித்தியாலங்களே. ஒருவருக்குக் கிடைத்தால் ஏறத்தாழ எண்மருக்குக் கிடையாது என்பதே இதன் பொருள்.

இவ்வளவு கடும் போட்டியில் நியாயம் எவ்வாறு பேணப்படுகின்றது? விண்ணப்பங்களைத் துறைசார் அறிஞர் குழுக்களே படித்துத் தரவரிசைப்படுத்துகின்றன. நீண்ட காலமாக விண்ணப்பதாரியின் பெயரும் நிறுவனமும் அக்குழுக்களுக்குத் தெரிந்தே இருந்தன. ஹபிளின் பல சுற்றுகளின் முடிவுகளை அந்நிறுவனமே ஆராய்ந்து பார்த்தபோது, பெண்கள் தலைமை தாங்கிய விண்ணப்பங்கள் ஆண்களுடையவற்றிலும் குறைந்த வீதத்திலேயே தெரிவாகி வந்தமை தெரியவந்தது. எவரும் வேண்டுமென்று அவ்வாறு செய்ததற்குச் சான்றில்லை. ஆனால் அதே சாய்வு சுற்றுக்குச் சுற்று தொடர்ந்தது.

இதற்குப் பரிகாரமாக 2018 இல், ஹபிளின் 26 ஆவது சுற்றில், மதிப்பிடுவோர் பெயரை விண்ணப்பதாரியும் விண்ணப்பதாரியின் பெயரை மதிப்பிடுவோரும் அறியாத முறை நடைமுறைக்கு வந்தது. எமது கல்விப் பொதுத் தராதரப் பத்திர விடைத்தாளில் பெயருக்குப் பதிலாகச் சுட்டெண் இருப்பதைப் போன்றது இது. ஆய்வாளர் தமது பழைய கட்டுரையைக்கூடப் பிறருடையதைப் போலவே குறிப்பிட வேண்டும். இந்த விண்ணப்பம் இன்னாருடையதாக இருக்கலாம் என்று குழுவினுள் பேச்செழுந்தால் அதனைத் தடுப்பதற்கென்றே ஒருவர் அங்கு அமர்த்தப்பட்டிருப்பார். தரவரிசை முடிந்த பின்னரே ஆய்வுக் குழுவின் தகைமை பற்றிய தாள் திறக்கப்படும். அந்தச் சுற்றில் பெண்கள் தலைமை தாங்கிய விண்ணப்பங்களில் 8.7 சதவீதமும் ஆண்களுடையவற்றில் 8.0 சதவீதமும் தெரிவாகின. ஒரு சுற்றின் முடிவைக் கொண்டு எதனையும் நிலைநாட்டிவிட முடியாதெனினும், வேறு பெரிய தொலைநோக்கிகளும் பின்னர் இதே முறையைத் தழுவிக் கொண்டன. பெயரற்ற விண்ணப்பத்தினால் பயனடைவோர் பெண்கள் மட்டுமல்லர். பெயர்பெறாத பல்கலைக்கழகத்திலிருந்து எழுதும் இளைஞரும் பயனடைவர் என எதிர்பார்க்கலாம்.

அடுத்து, கண்டுபிடிப்பு அறிவிப்புகள். பஞ்சாங்கத்தில் கிரகண நேரம் பார்ப்பதும், கொழும்பு பெரிய பள்ளிவாசலிலிருந்து வரும் பிறை அறிவிப்பிற்காகக் காத்திருப்பதும் எமது வாசகர்களுக்குப் பழக்கமானவை. வானத்தில் கண்டதை உரிய வேளையில் ஊரறியச் சொல்ல வேண்டும் என்ற தேவை விஞ்ஞானிகளுக்கும் உண்டு. இதற்காகவே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜேர்மனியின் கீல் நகரில் வானியல் தந்திகளுக்கான மத்திய நிலையம் இயங்கத் தொடங்கியது. பின்னர் அது கோபன்ஹேகனுக்கும், 1960களில் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகருக்கும் மாறியது.

அதன் பயனை உலகம் கண்டது 1987 பெப்ரவரியில். சிலி நாட்டிலுள்ள லாஸ் கம்பனாஸ் ஆய்வுநிலையத்தில் பெப்ரவரி 24 இல் இயன் ஷெல்ட்டன் சுப்பர்நோவா எனப்படும் விண்மீன் வெடிப்பொன்றைக் கண்டார். அங்கே ஒஸ்கார் டுஹால்டேயும், நியூசிலாந்தில் பொழுதுபோக்கு வானியலாளரான அல்பேர்ட் ஜோன்ஸும் தனித்தனியே அதனைக் கண்டிருந்தனர். அறிவிப்பு வெளியான பின்னர், ஜப்பானின் கமியோகாண்டே நிலத்தடி ஆய்வுநிலையத்தினர் தமது பதிவுகளைப் பின்னோக்கிப் பரிசீலித்தபோது, அந்த வெடிப்பிலிருந்து வந்த நியூத்திரினோ துகள்கள் முதல் நாளே பதிவாகியிருந்தமை தெரிந்தது. அந்த ஆய்வுநிலையத்தை வழிநடத்திய மசதோஷி கொஷிபா 2002 இல் நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டார். அறிவிப்பு இல்லாதிருந்தால் அந்தப் பதிவுகளை அவ்வேளையில் எவரும் புரட்டிப் பார்த்திருப்பரா என்பது ஐயமே.

முப்பது ஆண்டுகளின் பின்னர், 2017 ஓகஸ்ட் 17 இல், இரண்டு நியூத்திரன் விண்மீன்கள் மோதியதால் எழுந்த ஈர்ப்பலைகளை லைகோ, வேர்கோ ஆய்வுநிலையங்கள் பதிவு செய்தன. ஏறத்தாழ இரண்டு செக்கன்கள் கழித்து பேர்மி செய்மதி அதே திசையிலிருந்து காமாக் கதிர்வீச்சைக் கண்டது. அறிவிப்புக் கிடைத்த சுமார் 70 ஆய்வுநிலையங்கள் வானத்தின் அப்பகுதியை நோக்கின. அதே நாளில், 13 கோடி ஒளியாண்டுகள் தொலைவிலுள்ள ஓர் அண்டத்தில் மோதலின் ஒளி கண்டுபிடிக்கப்பட்டது. எனினும் அக்காலத்தில் ஈர்ப்பலை அறிவிப்புகள் உடன்படிக்கை செய்துகொண்ட குழுக்களுக்கு மட்டுமே உடனடியாக அனுப்பப்பட்டன. 2019 ஏப்ரலில் தொடங்கிய அவதானிப்புக் காலத்திலிருந்து அவை எவரும் படிக்கத்தக்க பொது அறிவிப்புகளாயின. சிலரது அறிவிப்பு அனைவரதும் அறிவிப்பான இந்த மாற்றத்தை நாம் பெரிதும் மதிக்கின்றோம்.

அறிவிப்பில் தவறு நேர்வதும் உண்டு. 1998 மார்ச் 11 இல் வெளியான சுற்றறிக்கையொன்று, 1997 எக்ஸ்எப்11 என்ற சிறுகோள் 2028 ஒக்டோபரில் பூமிக்கு மிக நெருக்கமாக வரக்கூடும் எனத் தெரிவித்தது. பத்திரிகைகள் அதனைப் பரபரப்பாக வெளியிட்டன. மறுநாளே 1990 ஆம் ஆண்டின் பழைய படங்களில் அச்சிறுகோள் கண்டெடுக்கப்பட்டு, அது ஒன்பது இலட்சம் கிலோமீற்றருக்கு அப்பால் கடந்து செல்லும் என்று கணிக்கப்பட்டது. இந்த அனுபவத்தின் பின்னர், 1999 இல், மோதல் அபாயத்தைப் பூச்சியம் முதல் பத்து வரை தரப்படுத்தும் டொரினோ அளவுகோலை வானியலாளர் ஏற்றுக்கொண்டனர். 2024 டிசம்பரில் கண்டுபிடிக்கப்பட்ட 2024 வைஆர்4 என்ற சிறுகோள் 2032 இல் பூமியில் மோதுவதற்கான வாய்ப்பு 2025 பெப்ரவரி 18 இல் 3.1 சதவீதம் வரை உயர்ந்து, சில நாட்களில் பூச்சியத்தை அண்மித்தது. ஏறியபோதும் இறங்கியபோதும் எண்கள் மறைக்கப்படவில்லை. தவறைத் திருத்துவதும் அறிவிப்பின் கடமையே என்ற பாடம் பத்திரிகைத் தொழிலிலுள்ள எமக்கும் உரியது.

வசதி குறைந்த நாடுகளுக்கு மிகவும் பயன்தரக்கூடியது தரவு வெளியீடேயாகும். 1995 டிசம்பரில் ஹபிள் நிறுவனத்தின் அப்போதைய பணிப்பாளர் ரொபேர்ட் வில்லியம்ஸ், தமது தற்றுணிபின் கீழிருந்த நேரத்தில் பத்து நாட்களை வானத்தின் வெறுமையான சிறு பகுதியொன்றை நோக்கச் செலவிட்டார். வீண்வேலை என்று எச்சரித்தோரும் உண்டு. அப்பகுதியில் ஏறத்தாழ 3,000 அண்டங்கள் தென்பட்டன. அந்தப் படங்களை அவர் தமக்கென வைத்துக்கொள்ளாது, தாமதமின்றி உலகின் ஆய்வாளர் அனைவருக்கும் திறந்துவிட்டார். பொதுவாக ஹபிள், ஜேம்ஸ் வெப் தரவுகளில் பெரும்பாலானவை விண்ணப்பித்தவருக்கென ஒதுக்கப்பட்ட சில மாத காலம் கழிந்ததும் இலவசமாகக் கிடைக்கின்றன. 1991 இல் தொடங்கப்பட்ட ஆர்க்கைவ் என்ற முன்பதிப்புக் களஞ்சியத்தில் ஆய்வுக் கட்டுரைகளையும் கட்டணமின்றிப் படிக்கலாம். தொலைநோக்கி இல்லாத நாட்டின் மாணவருக்கும் கணினியும் இணைய இணைப்பும் நல்லதொரு வழிகாட்டியும் இருந்தால் ஆய்வு செய்ய வழியுண்டு.

பதவிகளைப் பொறுத்தவரை, 1899 இல் நிறுவப்பட்ட அமெரிக்க வானியல் கழகத்தின் வேலைவாய்ப்புப் பதிவேடு பல நாட்டு வெற்றிடங்களையும் ஓரிடத்தில் தருகின்றது. கலாநிதிப் பட்டத்திற்குப் பிந்திய பதவிகள் பலவற்றுக்கான முடிவுத் திகதிகள் ஒக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் வருகின்றன. பதவி வழங்கப்பட்டவரை பெப்ரவரி 15 இற்கு முன்னர் முடிவு கூறுமாறு வற்புறுத்துவதில்லை என்ற இணக்கமும் அமெரிக்க நிறுவனங்களிடையே உண்டு. ஜனவரியில் தேடத் தொடங்குபவருக்கு அந்த ஆண்டு பெரும்பாலும் கழிந்துவிட்டதென்றே கொள்ளலாம். 1919 இல் நிறுவப்பட்ட சர்வதேச வானியல் ஒன்றியம் 1967 முதல் இளம் வானியலாளர்க்கான பயிற்சிப் பாடசாலைகளை நடத்தி வருகின்றது. அபிவிருத்திக்கு வானியலைப் பயன்படுத்தும் திட்டங்களுக்கு நிதி வழங்கும் அலுவலகமொன்றை 2011 இல் தென்னாபிரிக்காவின் கேப்டவுனில் திறந்தது. அதுவும் திட்ட முன்மொழிவுகளைப் பகிரங்கமாகவே கோருகின்றது.

இவ்வுலகில் குறைகளே இல்லையென நாம் கூறவில்லை. ஹபிள் நேரம் எந்நாட்டவருக்கும் கிடைக்கலாம். ஆனால் அதனுடன் சேர்ந்த ஆய்வு நிதி அமெரிக்க நிறுவனங்களிலுள்ளோருக்கே உரியது. ஐரோப்பியத் தென்கோள ஆய்வுநிலையம் உறுப்பு நாடுகளுக்கு முன்னுரிமை அளிக்கின்றது. முன்னணிச் சஞ்சிகைகள் சில கட்டுரையை வெளியிடக் கட்டணம் அறவிடுகின்றன. கதவு திறந்திருப்பதும் வாசலை அடைவதற்கு வழிச்செலவு இருப்பதும் வேறுவேறு விடயங்கள்.

இலங்கையிலும் இதற்கான அடித்தளம் இல்லாமலில்லை. மொரட்டுவையிலுள்ள ஆதர் சி. கிளார்க் நிலையத்திற்கு ஜப்பான் அன்பளிப்புச் செய்த 45 சென்ரிமீற்றர் தொலைநோக்கி 1996 முதல் அங்குள்ளது. சர்வதேச வானியல் ஒலிம்பியாட் போட்டிகளில் எமது நாட்டு மாணவர்கள் பங்குபற்றி வருகின்றனர். ஆனால் மேலே கூறிய அறிவிப்புகள் ஆங்கிலத்திலேயே வருகின்றன. வடக்கு, கிழக்கிலும் மலையகத்திலும் தமிழ்மொழி மூலம் விஞ்ஞானம் கற்கும் மாணவர் ஒருவர் இவற்றைத் தற்செயலாகவே அறிய நேரிடுகின்றது. வாய்ப்பொன்று தற்செயலாக மட்டும் கிடைக்குமாயின் அதனைச் சமவாய்ப்பு என்று கூற முடியாது.

பெரும் செலவில்லாமல் செய்யக்கூடியவை சில உள்ளன. பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறைகள் ஆண்டுதோறும் வரும் முடிவுத் திகதிகளின் அட்டவணையொன்றைத் தயாரித்து அறிவித்தற் பலகையில் இடலாம். தொலைநோக்கி நேரத்திற்கு விண்ணப்பம் எழுதுவதை இறுதியாண்டு மாணவருக்கு ஒரு பயிற்சியாகவே கொடுக்கலாம். பொதுத் தரவுகளைக் கொண்டு ஆய்வு செய்யக் கற்பிக்கலாம். தமிழ்ப் பத்திரிகைகளும் கிரகணச் செய்தியோடு நின்றுவிடாது இத்தகைய அறிவிப்புகளை உரிய காலத்தில் வெளியிட வேண்டும். அந்தப் பொறுப்பிலிருந்து எம்மை நாம் விலக்கிக் கொள்ளவில்லை.

வாசகர்களாகிய பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. பிள்ளை இரவில் வானத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டால், சோறு போடாத படிப்பு என்று வாயடைத்துவிட வேண்டாம். அந்தப் படிப்பிற்கும் வெற்றிடங்கள் உண்டு, முடிவுத் திகதிகள் உண்டு, பெயரையும் ஊரையும் கேளாமல் திறமையை எடைபோடும் குழுக்களும் உண்டு. ஒக்டோபர் பிறக்கும் முன்னர் அந்த அறிவிப்புகளைத் தேடிப் படிக்கச் சொல்லுங்கள்.