சண்டிக் குதிரை: நிற்பது குறித்துச் சில குறிப்புகள்

மெரினாவில் காசுக்குச் சவாரி போய்க்கொண்டிருந்த குதிரை பாதி வழியில் நின்று வாலைத் தூக்கியது. மேலே உட்கார்ந்திருந்த பையனின் அப்பாவுக்கு எரிச்சல். 'என்னப்பா, இதுக்கும் சேத்துத்தான் காசா? ஓட்டுப்பா' என்றார். கயிற்றைப் பிடித்திருந்த இளைஞர், 'ஒரு நிமிசம் சார், முடிச்சிக்கட்டும்' என்றார். அப்பா விடவில்லை. 'நடந்துகிட்டே போகுற மாதிரி பழக்கி வெச்சிருக்கணும்.'

அவர் குதிரை ஏறத் தெரிந்தவராகத் தெரியவில்லை. ஆனால் அவர் சொன்னதைத்தான் சவாரிப் பள்ளி ஆசிரியர்கள் பலரும் சொல்கிறார்கள். சவாரியின்போது லத்தி போடக் குதிரையை நிற்க விடலாமா, கூடாதா? விடக்கூடாது என்பவர்களின் வாதம் இது: குதிரையால் நடந்தபடியே, ஏன் பெருநடையில் ஓடியபடியேகூட லத்தி போட முடியும். ஒருமுறை நிற்க விட்டால் அடுத்தமுறை வேலைக்குக் கள்ளத்தனம் பண்ண அதையே சாக்காக வைத்துக்கொள்ளும். நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு என்று நம்ம ஊரிலும் சொல்வதுண்டு. விடலாம் என்பவர்கள் இரக்கத்தைப் பேசுகிறார்கள். இரண்டு தரப்பும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன: நிற்க 'விடுவது' மேலே உட்கார்ந்திருப்பவர் கையில் இருக்கிறது. இந்த 'விடுதல்' எங்கிருந்து வந்தது என்பதுதான் இங்கே கேள்வி.

முதலில் குதிரையின் உடம்பு. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் புல் மேய்ந்துகொண்டே இருக்க அமைந்த குடல் அது. ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை லத்தி போடும்; மொத்தம் பதினைந்து, இருபது கிலோ வரும். மூத்திரம் வேறு கதை. அதற்குக் குதிரை நின்றே ஆகவேண்டும். பின்னங்கால்களை அகட்டி, உடம்பை நீட்டி நிற்கும். அப்போது சவாரி செய்பவர் முன்னால் சாய்ந்து அதன் இடுப்பிலிருந்து பாரத்தைக் குறைக்கவேண்டும் என்பது பாலபாடம். ஆக, லத்திக்கு நிற்கவேண்டிய கட்டாயம் உடற்கூறு சார்ந்ததல்ல என்பது உண்மைதான். ஆனால் மேய்ச்சல் நிலத்தில் விட்டுப் பாருங்கள். மேயும் இடத்தையும் லத்தி போடும் இடத்தையும் குதிரைகள் பிரித்து வைத்துக்கொள்கின்றன. ஆண்குதிரை இன்னொன்றின் லத்திக் குவியலில் நின்று, முகர்ந்து, அதன்மேல் தன்னுடையதைப் போட்டுவிட்டுப் போகிறது. நிற்பது அங்கே ஒரு பேச்சு. சேணம் வைத்த பிறகு அந்தப் பேச்சுக்கு இடமில்லை, நிற்பது குற்றமாகிறது.

குற்றம் என்பதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் அடங்காத குதிரையைக் குறிக்கும் 'ரெஸ்டிவ்' என்ற சொல்லின் பழைய பிரெஞ்சு மூலத்துக்கு, நகராமல் நின்றுவிடுவது என்றுதான் பொருள். இன்று அச்சொல் அமைதியின்றித் துள்ளுவதைக் குறிக்கிறது. நிற்பதும் துள்ளுவதும் எசமானுக்கு ஒன்றுதான் போலிருக்கிறது. தமிழில் 'சண்டி' அவ்வளவு தூரம் திரியவில்லை. சண்டி மாடு இன்னமும் நகராத மாடுதான். நேப்பிள்ஸைச் சேர்ந்த ஃபெடரிகோ கிரிசோனே 1550இல் வெளியிட்ட குதிரையேற்ற நூல் ஐரோப்பா முழுக்கப் பரவியது. நகர மறுக்கும் குதிரைக்கு அவர் சொல்லும் வைத்தியங்களில் ஒன்று, பூனையை ஒரு கழியில் கட்டி, அதன் நகங்கள் படும்படி குதிரையின் பின்னங்கால்களுக்கு இடையே நீட்டுவது. அவருக்கு ஏறக்குறைய ஆயிரத்தொன்பது நூறு ஆண்டுகளுக்கு முந்தைய கிரேக்கரான செனஃபோன், வற்புறுத்திச் செய்யவைப்பதில் அழகில்லை என்று எழுதியவர். அவரிடம் இன்னொரு குறிப்பும் உண்டு: லாயத்தின் லத்தியையும் கழிந்த வைக்கோலையும் தினமும் அள்ளி ஓரிடத்தில் கொண்டுபோய்க் கொட்டவேண்டும். யார் அள்ளுவது? குதிரைக்காரன். ஏதென்ஸில் அது பெரும்பாலும் அடிமை. வற்புறுத்தலைப் பற்றிய அழகியல் அவன்வரைக்கும் போகவில்லை.

ஃபூக்கோவைப் படித்த நம்மில் பலருக்கு 'பணிவான உடல்கள்' என்றதும் 18ஆம் நூற்றாண்டின் படைவீரனும் பள்ளிக்கூடப் பையனும் நினைவுக்கு வருவார்கள். 1975இல் வந்த அந்த நூலின் தர்க்கத்தில் குதிரைக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். உடலைத் துண்டுதுண்டாகப் பிரித்து, ஒவ்வொரு அசைவுக்கும் சமிக்ஞை வைத்து, நேரத்தைக் கட்டளைக்குள் கொண்டுவரும் நுட்பம் படைவீரனுக்கு முன்பே குதிரையின்மேல் பயிலப்பட்டுவிட்டது. பிரான்சில் புளூவினேல், பதின்மூன்றாம் லூயிக்குக் குதிரையேற்றம் கற்பித்ததையே உரையாடல் வடிவில் எழுதினார்; அவர் இறந்தபின் 1623இல் அது அச்சேறியது. அரசன் ஆளக் கற்றது குதிரை முதுகில்.

குதிரைப்படையில் இது இன்னும் தெளிவு. நெடும்பயணத்தில் புறப்பட்ட கொஞ்ச நேரத்திலேயே முதல் நிறுத்தம் வரும். வாரை இறுக்கிக் கட்டுவதற்கும் குதிரைகள் மூத்திரம் பெய்வதற்கும். அதாவது உடம்பின் தேவையை ராணுவம் மறுக்கவில்லை. அதைத் தனிக் குதிரையிடமிருந்து பிடுங்கி எக்காளத்திடம் கொடுத்துவிட்டது. எல்லாரும் ஒரே நேரத்தில், உத்தரவு வந்ததும். ஆலைச் சங்குக்கு ரொம்பத் தூரமில்லை.

இனி நகரத்துக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டின் லண்டன், நியூயார்க் தெருக்களில் ஓடியவை பல்லாயிரம் குதிரைகள். லண்டனில் ஒரு பேருந்துக்கு நாளொன்றுக்குப் பத்துக்கு மேற்பட்ட குதிரைகள் மாறிமாறித் தேவைப்பட்டன. அந்த வேலையில் ஒரு குதிரை சுமார் ஐந்து ஆண்டுதான் தாங்கும். ஓடுவதைவிட நின்று நின்று மறுபடி பாரத்தை இழுத்துக் கிளம்புவதுதான் அதைத் தேய்த்தது. நிறுத்தம் பயணிக்கு உண்டு, குதிரைக்குக் கிடையாது. நடுத்தெருவில் லத்திக்காக அது நின்றால் பின்னால் வரும் வண்டிகள் அத்தனையும் நிற்கும். எனவே நிற்கக்கூடாது. சரி, விழுந்த லத்தி?

கட்டடக் கலைஞர் எச். பி. கிரெஸ்வெல் தன் இளமைக்கால லண்டனை, 1890களை, பின்னாளில் நினைவுகூர்ந்தார். அதில் சிவப்புச் சட்டை போட்ட சிறுவர்கள் வருகிறார்கள். தட்டும் துடைப்பமுமாக, சக்கரங்களுக்கும் குளம்புகளுக்கும் நடுவே வளைந்து நெளிந்து ஓடி, லத்தியை அள்ளி, நடைபாதை ஓரத்து இரும்புத் தொட்டியில் போடுகிறார்கள். குதிரை நிற்கவில்லை, அதனால் பையன் ஓடினான். ஹென்றி மேஹ்யூ 1851இல் பதிவுசெய்த லண்டனிலும், பெரிய மனிதர்களின் செருப்பில் ஒட்டாமல் இருக்கத் தெருக் கடக்கும் இடத்தைப் பெருக்கிக் காசு கேட்டவர்களில் குழந்தைகள், முடவர்கள், கிழவிகள் இருக்கிறார்கள்.

இங்கே ஒரு பிரபலமான கதையாடலைத் தொட்டுக்காட்டவேண்டும். 1894இல் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகை, இன்னும் ஐம்பது ஆண்டில் நகரத் தெருக்கள் ஒன்பதடி லத்தியில் புதையும் என்று ஆரூடம் சொன்னதாகவும், மோட்டார் வாகனம் வந்து காப்பாற்றியதாகவும் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. ஸ்டீபன் டேவிஸ் 2004இல் எழுதிய ஒரு கட்டுரைக்குப் பின் இது உலகம் சுற்றியது. தேடியவர்களுக்கு அந்தப் பத்திரிகையில் அப்படியொரு கட்டுரை கிடைக்கவில்லை. பொய் என்பது இருக்கட்டும், இந்தக் கதை ஏன் இவ்வளவு பேருக்கு இனிக்கிறது? எந்த நெருக்கடி வந்தாலும் தொழில்நுட்பமும் சந்தையும் தானாகத் தீர்த்துவிடும், அரசியல் எதற்கு என்று இது சொல்கிறது. லத்தி இருக்கிறது, மோட்டார் இருக்கிறது. நடுவில் ஐம்பது ஆண்டு அள்ளிய கை இல்லை.

நியூயார்க்கில் அந்தக் கைக்கு வெள்ளைச் சீருடை போட்டுவிட்டார்கள். 1895இல் தெருத் துப்புரவுத் துறைக்கு ஆணையராக வந்தவர் கர்னல் ஜார்ஜ் வாரிங். உள்நாட்டுப் போரில் குதிரைப்படையை நடத்தியவர்; 'சாட்டையும் குதிமுள்ளும்' என்று பொருள்படும் தலைப்பில் குதிரைகளைப் பற்றி 1875இல் ஒரு புத்தகமே போட்டவர். கட்சிக்காரர்களுக்கு வேலை போட்டுக்கொடுக்கும் இடமாகக் கிடந்த துறையை அவர் உண்மையிலேயே மாற்றினார். முழங்கால் உயரத்துக்கு அழுக்கு கிடந்த தெருக்கள் சுத்தமாயின. அதை மறுக்க வேண்டியதில்லை. சுத்தமான தெருவால் முதலில் பிழைத்தவை ஏழைக் குழந்தைகள்தான். ஆனால் லத்தி அள்ளுபவனுக்கு ஏன் வெள்ளை? மருத்துவத்தின், தூய்மையின் நிறம் என்பது ஒரு பதில். தூரத்திலிருந்தே தெரியும் என்பது இன்னொன்று. வேலைநேரத்தில் சாராயக்கடைக்குள் நுழைந்தால் ஊருக்கே தெரிந்துவிடும். 1896இல் அவர்களை ஐந்தாம் நிழற்சாலையில் படையைப்போல அணிவகுக்கச் செய்தார் வாரிங். குதிரையை நிற்காமல் நடக்கவைத்த அதே ஒழுங்கு, குதிரைக்குப் பின்னால் நடந்தவன்மீதும் வந்து உட்கார்ந்தது. கொண்டுவந்தவரும் அதே குதிரைப்படைக்காரர். (தமிழில் குதிரை போடுவதும் லத்தி, போலீஸ் கையில் இருப்பதும் லத்தி. சொல்லின் மூலம் வேறு வேறு. இருந்தாலும் சொல்லத் தோன்றுகிறது.)

சென்னை மாகாணத்துக்கு இதில் ஒரு பங்கு உண்டு. வெள்ளைக்காரர் குதிரை ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆட்கள். வடக்கில் 'சைஸ்' என்பவர் இங்கே குதிரைக்காரர். இன்னொருவர் புல் அறுப்பவர். 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி போகிறபோக்கில் ஒரு செய்தி தருகிறது: வடக்கில் புல் அறுப்பது ஆண், தெற்கில் அந்த வேலையைப் பார்ப்பது குதிரைக்காரரின் மனைவி. வீட்டு எடுபிடி வேலைக்கு வெள்ளையரிடம் சென்றவர்களில் பறையர்கள் பெருந்தொகை; மேல்சாதிக்காரர்கள் தீட்டென்று ஒதுங்கிய வேலைகள் அவர்களிடம் வந்தன. துரை சவாரி போனால் குதிரைக்காரர் கூடவே ஓடவேண்டும். குதிரை நின்றால்தான் அவருக்கும் மூச்சு. ஆக, குதிரை லத்தி போட நிற்கலாமா என்ற கேள்வியில் மூன்றாவதாக ஒரு ஆள் இருந்திருக்கிறார். சவாரி நூல்கள் அவரைக் கேட்டதில்லை.

சட்ட வரலாற்றில் ஒரு முரணையும் கவனிக்கலாம். பிரிட்டனில் குதிரை, மாடு முதலியவற்றை வதைப்பதற்கு எதிரான மார்ட்டின் சட்டம் 1822இல் வந்தது. ஆலைக் குழந்தைகளுக்கு 1802, 1819 சட்டங்கள் இருந்தும் அவை பெரும்பாலும் காகிதத்தில்தான். ஆய்வாளர்களை நியமித்தது 1833 சட்டம். குதிரைக்கு இரக்கம் கூடாது என்று நான் சொல்லவரவில்லை. இரக்கத்தை முன்வைத்து எழுதப்பட்ட 'பிளாக் பியூட்டி' நாவல் (1877) குதிரையின் தலையை இழுத்துக் கட்டும் வாருக்கு எதிராகப் பெரிய வேலை செய்தது. ஆனால் இரக்கம் 'விடுகிறது', அவ்வளவுதான். விடாமலிருக்கும் அதிகாரத்தை அது தொடுவதில்லை.

இப்போது சுற்றுலா வண்டி ஓடும் ஊர்களில் குதிரையின் பின்னால் பை கட்டுகிறார்கள். அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில் மூத்திரத்துக்குப் பை உதவாது என்பதால், குதிரை பெய்த இடத்தில் வண்டிக்காரர் ஒரு அடையாளக் கொடியைப் போட்டுவிட்டுத் தகவல் சொல்ல, வண்டி ஒன்று வந்து கழுவிவிட்டுப் போகிறது.

மனிதர்களுக்கு அந்தக் கொடியும் இல்லை. கோழி இறைச்சி ஆலைத் தொழிலாளர்கள் பற்றி 2016இல் ஆக்ஸ்ஃபாம் அமெரிக்கா வெளியிட்ட அறிக்கை, பட்டை நிற்காமல் ஓடுவதால் கழிப்பறைக்கு அனுமதி கிடைக்காமல் சிலர் டயப்பர் கட்டிக்கொண்டு வேலை பார்ப்பதைப் பதிவு செய்தது. மேற்பார்வையாளரின் பேச்சு நமக்குப் பழகியதுதான்: ஒருத்தியை விட்டால் எல்லாரும் அதையே சாக்காக வைத்துக்கொள்வார்கள். கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருக் கடைகளில் நின்றபடியே வேலை பார்த்த பெண்கள், விஜி முன்னின்று நடத்திய 'பெண்கூட்டு' வழியாக முதலில் கேட்டது கழிப்பறை. அங்கிருந்துதான் உட்காரும் உரிமைக்கான போராட்டம் வளர்ந்தது. 2018இல் கேரளத்தில் சட்டத் திருத்தம் வந்தது. தமிழ்நாட்டில் 2021இல். கடை ஊழியர்கள் வேலைக்கிடையே உட்காரும் வாய்ப்புக் கிடைக்கும்போது பயன்படுத்திக்கொள்ள இருக்கை வைக்கவேண்டும் என்கிறது நம் திருத்தம். துணிக்கடைகளில் இப்போது நாற்காலி பார்க்க முடிகிறது. வாய்ப்புக் கிடைத்துவிட்டதா இல்லையா என்பதை மாடிப்படியோரம் நிற்கும் மேற்பார்வையாளர்தான் சொல்கிறார்.