தோற்கருவிக் கட்டைகள்: மரமும் மெருகும் அறிதல்

மிருதங்கம், தவில் போன்ற இருமுக முழவுகளின் குடைந்த மர உடல் ‘கட்டை’ எனப்படும். பழைய கருவியைச் செப்பனிடவும் விலை மதிக்கவும் அதன் மரத்தையும் மெருகையும் அறிவது தேவை.

பண்டை வகைப்பாடு: தொல்காப்பியம் பறையைக் கருப்பொருள்களுள் ஒன்றாகக் கூறும். உரையாசிரியர்கள் குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்துக்கு மணமுழவும் நெல்லரிகிணையும், நெய்தலுக்கு மீன்கோட்பறை எனத் திணைதோறும் வகுத்தனர். சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் பேரிகை, படகம், இடக்கை, உடுக்கை, மத்தளம் முதலாக முப்பது கருவிகளுக்கு மேல் அடுக்குகிறார். அவற்றை அகமுழவு, அகப்புறமுழவு, புறமுழவு, புறப்புறமுழவு, பண்ணமைமுழவு, நாண்முழவு, காலைமுழவு என ஏழாகவும் பகுக்கிறார். மத்தளம் அகமுழவைச் சேர்ந்தது. வீரமுழவு எனப்படும் நான்கும் பண்ணமைமுழவு. இப்பகுப்பு கருவியின் தகுதியையும் முழங்கும் இடத்தையும் பற்றியது, மரத்தைப் பற்றியதன்று.

மரம்: மிருதங்கத்துக்கும் தவிலுக்கும் உரியது பலாவே. பண்ருட்டிப் பலா பெயர்பெற்றது. வேம்பு, பூவரசு, வேங்கை, தென்னை ஆகியவை மாற்று மரங்கள். வார்களுக்கிடையே தெரியும் நிறத்தை நம்பலாகாது. தோல்முகமாகிய மூட்டைக் கழற்றி, மெருகேறாத உட்சுவரையும் வாய் விளிம்பையும் காண வேண்டும். விளிம்பில் மரத்தின் குறுக்குவெட்டு தெரியும். பலாவில் வெறுங்கண்ணுக்கே புலப்படும் துளைகள் இருக்கும். புதிதில் மஞ்சளான வைரம் (உள்மரம்) ஆண்டுகள் செல்லப் பொன்பழுப்பாகவும் செம்பழுப்பாகவும் மாறும். உட்சுவரை இலேசாகச் சுரண்டினால் பழைய மஞ்சள் மீண்டும் தெரியும். தென்னையில் ஆண்டு வளையம் இல்லை. கரும்புள்ளிகளாக நார்க்கற்றைகள் தெரியும். வேம்பு செந்நிறமானது, இழை பின்னியது. வேங்கைச் சீவலை நீரில் ஊறவைத்தால் நீர் நீலச்சாயல் காட்டும். உட்சுவரில் உளித்தழும்பு இருந்தால் கையால் குடைந்தது. சீரான வட்டக்கோடுகள் இருந்தால் கடைசலில் எடுத்தது.

மெருகு: பழைய கட்டைகள் பல எண்ணெய் மட்டும் கண்டவை. மெருகு இருந்தால் வார் மறைக்கும் ஓரிடத்தில் சோதிக்கலாம். ஸ்பிரிட் தோய்த்த பஞ்சில் ஒட்டிக்கொண்டு பிசுபிசுத்தால் அது அரக்கால் செய்த பிரெஞ்சு பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். இரண்டுக்கும் அசையாதது பெரும்பாலும் பாலியூரிதேன். அது பிற்காலப் பூச்சு. கருமை படிந்த மெருகு மட்டும் பழமைக்குச் சான்றாகாது, சாயம் கலந்த பாலிஷும் அந்நிறத்தைத் தரும்.

மேனாட்டு டிரம்களின் உடல் ஒரே கட்டையில் குடைந்ததன்று; பெரும்பாலும் மெல்லிய மரத்தகடுகளை அடுக்கி ஒட்டியது. பீட்டில்ஸ் இசைக்குழுவின் டிரம் கலைஞர் ரிங்கோ ஸ்டார் 1960-களில் வாசித்த லுட்விக் டிரம்களில் வெளிப்புறம் கறுப்புச் சிப்பி நிற பிளாஸ்டிக் தாள் போர்த்தியிருந்தது. இத்தகையவற்றிலும் விளிம்பில் தெரியும் அடுக்குகளைக் கொண்டே மரம் அறியப்படுகிறது.

தற்காலத்தில் ஃபைபர் கட்டைகளும், வாருக்குப் பதில் போல்ட் பூட்டும் முறையும் வழக்கில் உள்ளன.